ஒன்பது குழி

கோல்ஃப் பந்தை நான் கையில் தொட்டதில்லை.
முட்டையை விடப் பாரமா,
அதன் மேல் ஏன் அத்தனை அம்மைத் தழும்பு,
தெரியாது.
ஆனாலும் மல்லாவியில்
கரண்ட் நிற்காத இரவுகளில்
தம்பி விட்டுப்போன கொம்பியூட்டரில்
ஒரு மைதானம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தருவது வெறுந்தரை.
தூரிகை ஒன்று உண்டு. அழுத்தினால் மண் எழும்பும்,
மற்றப் பொத்தானுக்குத் தாழும்.
இரண்டு ஏக்கர் பற்றை வெளியாக்க
நாலு விநாடி போதும்.
பகலில் நாலு சதுர மீற்றர் முடித்தால்
மேற்பார்வை ரோகிணி அக்கா
நல்ல நாள் என்று எழுதுவா.

மரப்பட்டியலில் பைன் இருக்கு, மேப்பிள் இருக்கு,
வாயில் நுழையாத ஏதோவொன்றும் இருக்கு.
பாலை இல்லை. வீரை இல்லை.
பனை கூட இல்லை.
தென்னையைப் பிடித்து இழுத்து
ஓலையைக் குறைத்து, கறுப்புப் பூசி
தூரத்தில் நிறுத்தினேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவருக்குப் பனை.
மண்ணில் மட்டும் ஏமாற்று இல்லை:
தேத்தண்ணி இடைவேளையில்
முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு
காலடியைப் படமெடுத்தேன்.
ஒட்டுசுட்டான் றோட்டுச் செம்மண்
இப்போ ஒன்றரை மெகாபைட்.

மூன்றாம் குழி வவுனிக்குளத்துக்குக் குறுக்கே.
கட்டில் நின்று அடித்தால்
துருசைத் தாண்டி விழவேணும்.
தண்ணீருக்கு அந்த விளையாட்டில் பெயர்
அபாயம்.
சிறுபோகத்துக்கு விடுகிற தண்ணியடா அது
என்று யாரிடம் சொல்ல?
யானை வைக்க வழியில்லை.
லத்தி மாத்திரம் வைத்தேன்,
பழுப்புக் கல்லைச் சின்னதாக்கி, ஆறு குவியல்.

ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுக்கவேணும்,
எத்தனை அடியில் பந்து உள்ளே போகவேணும் என்று.
பார் மூன்று. பார் நாலு. பார் ஐந்து.
பார் பார் என்று
அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.
பார்க்கிறதுதானே என் வேலை.

அனுப்பினேன்.
ஒஸ்லோவில் ஜன்னலெல்லாம் பனி மூடியிருக்க
மச்சான் வாகீசன் விளையாடிப் பார்த்தான்.
விடியப்புறம் குரல்செய்தி:
"என்னடி இது, மைதானமா ஒழுங்கையா?
ஒரு மீற்றர் அகலத்தில புல்லு.
நேர்கோடு, பிறகும் நேர்கோடு.
எங்க அடிச்சாலும் வெளிய போகுது."

திறந்து பார்த்தேன். உண்மைதான்.
ஒன்பது குழிக்கும்
கை தன்பாட்டில் ஒரு மீற்றர் அளந்திருந்தது.

குச்சியின் நிறமும் பிழையாம்.
வெள்ளை என்றால் அதற்கப்பால் மைதானமே இல்லை,
தாண்டினால் தண்டம்.
சிவப்பு என்றால்
ஓர் அடியைக் கூட்டிப்போட்டுத்
தொடர்ந்து விளையாடலாம்.

தொடர்ந்து விளையாடலாம்.
அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டேன்.

எனக்கு வெள்ளை, கால் வைக்கிற இடம்.
சிவப்புக்கு அப்பால்
ரோகிணி அக்காவின் தொப்பி காற்றில் போய் விழுந்து
மூன்று மாதம் கிடந்தது.
எட்டிப் பிடித்தால் வருகிற தூரம்.
ஒருவரும் எட்டவில்லை.
போன வியாழன்தான் எங்கள் தடம் அங்கே போனது.
கருவி கத்தியது. தோண்டினோம்.
தொப்பிக்குக் கீழே
ஒரு சோடா மூடி.
அவ தூசு தட்டித் தலையில் வைத்துக்கொண்டா.

பிறகு அகலமாக்கினேன்.
லேசில்லை. தூரிகை விளிம்பைத் தாண்டும்போது
முழங்கால் கேட்டது: பார்த்தாச்சா?
பத்து மீற்றர். முப்பது. நாற்பது.
ஏழாம் குழியில் வேணுமென்றே ஒரு வளைவு.
வாகீசன் இப்போதெல்லாம் திட்டுவதில்லை,
தோற்கிறான்.

எட்டாம் குழிக்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு துண்டை அவன் சொன்னபடி மாற்றவில்லை.
நாலு சிவப்புக் குச்சி, உள்ளே பற்றை.
தொலைந்த பந்தைத் தேட
மூன்று நிமிடம் தருவது விதியாம்.
நான் பூச்சியம் என்று போட்டேன்.
கிடக்கட்டும் அது.
வேறு பந்து எடு, மச்சான்.

நாலரைக்கு வாகனம் வரும்.
நான் படுக்கவேணும்.